மூலைவீட்டு அத்தை பேசுகிறேன்

டயர் கடைக்கு மேலே ஒரு ரேடியோ நிலையம் நடத்தலாம் என்று எந்தப் புண்ணியவானுக்காவது தோன்றுமா? மைக்செட்காரருக்குத் தோன்றியது. கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். ஊர் முழுக்கக் கத்துகிற தொழிலில் இருந்தவருக்கு ஊர் முழுக்கப் பேசுகிற தொழில் கிடைத்தால் விடுவாரா? அலையாய் அலைந்து அனுமதி வாங்கினார். டயர் கடை மாடியில் மூன்று அறைகளைப் பிடித்தார். சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணி அடித்து மாட்டி, மொட்டை மாடியில் ஒரு கம்பத்தை நட்டு, எஃப்.எம். நிலையத்தைத் தொடங்கியேவிட்டார்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும் தெளிவாகக் கேட்கும். பாலத்தைத் தாண்டினால் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கீழே சக்கரத்தைச் சுத்தியலால் அடிக்கிற அடி மேலே செய்தியோடு சேர்ந்து போனது. டயர் கடைக்காரர் பெரிய மனசு பண்ணிச் செய்தி நேரத்தில் மட்டும் அடிக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். மற்ற நேரத்தில் பாட்டுக்குத் தாளம் போடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அங்கே முதலில் வேலைக்குச் சேர்ந்தவள் ஆபீஸ் அக்கா. வரவேற்பு மேசையில் உட்கார வேண்டும், ஃபோன் எடுக்க வேண்டும், விளம்பரத்தை எந்தப் பாட்டுக்குப் பிறகு போடுவது என்று பார்க்க வேண்டும், சாயங்காலம் பூட்டிச் சாவியை எடுத்துப் போக வேண்டும். மைக் முன்னால் உட்காருகிற வேலை அவளுக்கு இல்லை. அதற்கு ஒருவர் இருந்தார். அவரை எல்லாரும் தொண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லியாக ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருப்பார். குரலைக் கேட்டால் மட்டும் மலை ஒன்று எழுந்து வந்து பேசுகிறது என்று நினைப்பீர்கள்.

முதல் வாரம் கொடுமை. "நேயர்களே, எங்களை அழையுங்கள், உங்களுக்காகக் காத்திருக்கிறோம்" என்று தொண்டை கூவிக் கூவி அழைத்தார். ஒரு ஃபோன் வரவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து ஈ ஓட்டினார்கள். ரேடியோவில் ஆள் பேசாமல் இருப்பதைப் போல அபசகுனம் வேறெதுவும் கிடையாது. தொண்டைக்குச் சொல்வதற்குச் சொந்தக் கதைகூடத் தீர்ந்துபோயிற்று. வியர்த்து விறுவிறுத்துப்போன மைக்செட்கார முதலாளி, ஆபீஸ் அக்காவின் கையைப் பிடிக்காத குறையாக அவளைச் சாமான் அறைக்குள் தள்ளினார். அங்கே இன்னொரு ஃபோன் இருந்தது.

"நீ கூப்பிடும்மா."

"யாரைங்க?"

"நம்மளத்தான். நேயர் மாதிரிப் பேசு. ஏதாவது ஒரு பாட்டுக் கேளு."

"ஐயோ, எனக்குப் பேச வராதுங்க."

"எனக்கு மட்டும் ரேடியோ நடத்த வருதா? பேசு!"

பேசினாள். முதல் நாள் பள்ளிக்கூட டீச்சராக, மறுநாள் தையல்காரியாக, அதற்கு மறுநாள் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணாக. எல்லாருக்கும் ஒரே பயந்த குரல். பாட்டுக் கேட்டாள், நன்றி சொன்னாள், வைத்தாள். ஊர் அசையவில்லை.

பிறகு ஒரு நாள் தொண்டை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பேச்சுவாக்கில், வீட்டு வேலை என்ன பெரிய வேலை, காலையிலேயே முடித்துவிட்டுப் பெண்கள் நாள் பூரா நம் ரேடியோ கேட்கலாமே என்று மைக்கில் சொல்லிவிட்டார். சாமான் அறையில் ஆபீஸ் அக்கா புளிப்பு மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாள். விடிகாலையில் எழுந்து சமைத்து, துவைத்து, மகளைக் கிளப்பி, ஓடி வந்து உட்கார்ந்தவள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபோனை எடுத்தாள். மிட்டாயோடு வாயைத் திறந்தால் அவளுக்கே தெரியாத ஒரு குரல் வருகிறது. கட்டையாக, இழுவையாக, அறுபது வயதுக் குரல்.

"டேய் தம்பி! யார்ரா நீ? உங்க வீட்ல உனக்குச் சோறு போடறது யாரு, ரேடியோவா?"

தொண்டைக்கு ஆள் தெரியும். இருந்தும் வெலவெலத்துப்போனார். "நீ... நீங்க யாருங்க பேசறது?"

"மூலைவீட்டு அத்தை பேசறேன். எந்த மூலைன்னு கேக்காத. ஊருக்கு ஊர் மூலை இருக்கு, மூலைக்கு மூலை அத்தை இருக்கா."

அன்றைக்கு அத்தை அவரை உரித்துத் தொங்கவிட்டாள். வைத்த மறுநொடி வரவேற்பு மேசை ஃபோன் அலறியது. உண்மையான ஃபோன்! அத்தை சொன்னது சரி என்று ஒரு பெண். அத்தைக்கு வாய் ரொம்ப நீளம் என்று ஒரு ஆண். அத்தை சாப்பிட்டாளா என்று கேட்க ஒரு கிழவர். முதலாளி கண் கலங்கிவிட்டார். அந்த நிலையம் பிழைத்த வரலாறு இவ்வளவுதான். பின்னால் நிலையத்தின் ஆண்டு விழாவில் பேசும்போது அவர் உழைப்பு, நேர்மை என்றெல்லாம் அடுக்கினார். அதை நம்பாதீர்கள்.

புதன்கிழமை தோறும் அரை மணி நேரம் அத்தையின் நேரம் ஆயிற்று. அந்த நேரம் மட்டும் மேசை ஃபோன் நேராக ஸ்டுடியோவுக்குப் போகும். ஆபீஸ் அக்கா சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தொண்டை, அழைக்கிறவர்களையும் அத்தையையும் ஒரே இணைப்பில் சேர்த்துவிடுவார். மாமியார் சண்டை, பரீட்சையில் தோற்ற பிள்ளை, வேலியைத் தள்ளிப் போட்ட பக்கத்து வீட்டுக்காரன் எல்லாவற்றுக்கும் அத்தையிடம் தீர்ப்பு இருந்தது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது, வீட்டுக்காரரிடம்கூட, என்று முதலாளி சத்தியம் வாங்கியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஒன்பது வருஷம் மறைத்தாள்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். தங்கமான மனுஷன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. தினமும் அவளை வண்டியில் கொண்டுவந்து இரும்புப் படிக்கட்டின் அடியில் இறக்கிவிட்டுப் போவார். மாடிக்கு ஒரு தரம்கூட ஏறியதில்லை. கூச்சம். அவரிடம் ஒரே ஒரு குறை. மனைவி பேசுவது அவர் காதுக்குள் போகும், அங்கே தங்காது. வேண்டுமென்று செய்கிறார் என்று சொல்ல முடியாது. மின்விசிறி சத்தம் போல, குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் போல, பழகிப்போயிற்று.

அப்பேர்ப்பட்டவர் மூலைவீட்டு அத்தைக்கு அடிமை. பட்டறையில் புதன்கிழமை எல்லா மோட்டாரையும் நிறுத்திவிட்டு ரேடியோவைத் திறந்து வைப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு அத்தை ஒண்ணு சொன்னாங்க பாரு" என்று ஆபீஸ் அக்காவிடமே ஒப்பிப்பார்.

"அப்படியா? என்ன சொன்னாங்க?"

"சாப்பிட்ட தட்ட அவனவன் கழுவணுமாம். கழுவினா கை தேஞ்சா போயிடும்னு கேட்டாங்க. நியாயமான பேச்சு இல்ல?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கெஞ்சிக்கொண்டிருந்த விஷயம். அன்று ராத்திரி தட்டைத் தானே கழுவி வைத்தார். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாதீர்கள் என்று அத்தை ஊருக்குச் சொன்னாள், மறுநாள் துண்டு கொடிக்குப் போயிற்று. முதலில் ஆபீஸ் அக்காவுக்குச் சிரிப்பாக வந்தது. சாமான் அறையில் உட்கார்ந்து அடுத்த வாரம் எதைச் சரி செய்யலாம் என்று யோசிப்பாள். போகப் போகச் சிரிப்பு கசந்தது. அத்தைமேல் அவளுக்குப் பொறாமை வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, தான் போட்ட வேஷத்தின் மேலேயே பொறாமை. அந்தக் கிழவிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையே என்று சில நாள் அழக்கூடச் செய்தாள்.

இந்த நிலையில்தான் வீட்டுக்காரருடைய அண்ணனிடமிருந்து தகவல் வந்தது. அண்ணனுக்குத் தொலைவில் ஒரு பெரிய ஊரில் மோட்டார் விற்கிற கடை. தம்பி வந்தால் பழுது பார்க்கிற பகுதியை ஒப்படைத்துவிடுவதாகச் சொன்னார். வீடும் பார்த்து வைத்தாராம். மோட்டார்காரர் தலையாட்டிவிட்டார்.

"அடுத்த மாசம் கெளம்பறோம்" என்றார் மனைவியிடம். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற தொனியில்.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "நான் வரலீங்க."

"ம். அந்தச் சின்ன ஸ்பேனர எடு."

சாப்பிடும்போது சொன்னாள். "எனக்கு இங்க வேலை இருக்குங்க. அத விட்டுட்டு வரமாட்டேன்."

"அங்க தண்ணி நல்லா வருதாம். வீடும் பெருசு."

வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, காதோரமாகக் குனிந்து சொன்னாள். "என்னால முடியாதுங்க. கேக்குதா?"

"பிடிச்சு உக்காரு, மேடு வருது."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அதுதான். அவரிடம் கோபம் இல்லை, மறுப்பும் இல்லை. மறுத்தாலாவது சண்டை போடலாம். அவளுக்கு அந்த மாடியை விட்டுப் போவது உயிரை விடுகிற மாதிரி இருந்தது. மெத்தை அடித்த சுவர், தூசி படிந்த சாமான் அறை, தொண்டையின் அசட்டுச் சிரிப்பு, கீழேயிருந்து வரும் சுத்தியல் சத்தம் எல்லாம் அவளுடையவை. உலகத்தில் அவள் வாயைத் திறந்தால் நாலு பேர் நின்று கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

தொண்டைக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார். "இதுக்கா அக்கா கவலை? புதன்கிழமை அத்தைய விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. ஊரை விட்டு ஊர் போறவன் உருப்பட மாட்டான்னு. உங்க வீட்டுக்காரர் மூட்டைய அவுத்துடுவாரு."

உண்மைதான். ஒரு வார்த்தை போதும். ஆபீஸ் அக்கா விளம்பர நோட்டை மூடி வைத்தாள்.

"வேணாம். தட்டுக்கும் துண்டுக்கும் அத்தை போதும். இது என் வாழ்க்க. இதையும் கிழவி வந்துதான் சொல்லணுமா? நான் சொல்லி அவர் கேக்கணும்."

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா அவரோட போறேன்."

அந்தப் புதன்கிழமையும் வந்தது. மிட்டாயை அடக்கிக்கொண்டு சாமான் அறையில் உட்கார்ந்தாள். ஆடு மேய்ந்த தகராறு ஒன்று முடிந்தது. தொண்டை அடுத்த அழைப்பைச் சேர்த்தார். மறுமுனையில் யாரோ செருமினார்கள். அந்தச் செருமலிலேயே அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. மிட்டாயை இன்னும் இறுக்கி அடக்கிக்கொண்டாள்.

"வணக்கம் அத்தை. நான் மோட்டார் ரிப்பேர் பண்றவன். ரொம்ப நாளாக் கூப்பிடணும்னு. தைரியம் வரல."

ஸ்டுடியோவில் இருந்த தொண்டைக்கு ஒன்றும் புரியவில்லை. படியில் இறக்கிவிட்டுப் போகிற மனிதரின் குரலை அவர் எங்கே கேட்டார்? "சொல்லுங்க சார், அத்தை லைன்ல இருக்காங்க" என்றார் உற்சாகமாக.

"சொல்லுப்பா" என்றாள் அத்தை.

"வேற ஊருக்குக் குடிபோறோம் அத்தை. எங்க அண்ணன் கூப்பிட்டிருக்காரு. வீட்டுக்காரி கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்கா. சாப்பிட மாட்டேங்கறா. அவளுக்கு எப்படி எடுத்துச் சொல்றதுன்னு தெரியல. நீங்கதான் சொல்லித் தரணும்."

அவர் குரலில் அவ்வளவு அக்கறை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கூப்பிட்டிருக்கிறார், அதுவும் அவளுக்காக. தன்னைச் சமாளித்துக்கொண்டு கேட்டாள்.

"அவ என்னப்பா சொல்றா?"

"அவ ஒண்ணும் சொல்லல அத்தை. வாயே திறக்கல. சம்மதம்தான் போல இருக்கு."

"சொன்னேனே!"

அது அத்தையின் குரல் இல்லை. மிட்டாய் எங்கே போய் விழுந்ததோ தெரியாது. ஆபீஸ் அக்காவின் சொந்தக் குரல், அந்த ஊர் ரேடியோவில் முதன்முதலாகப் போயிற்று. "சொன்னேனே! எத்தனை தடவ சொன்னேன்!"

மோட்டார்காரர் பொறுமையாகக் கேட்டார். "யாரும்மா குறுக்க? லைன் கலந்துடுச்சு போல. நான் அத்தைகிட்டப் பேசிட்டிருக்கேம்மா."

ஸ்டுடியோவில் தொண்டைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இணைப்பைத் துண்டிக்கிற பொத்தான் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை.

"காய் நறுக்கும்போது சொன்னேன், நான் வரலேன்னு. ஸ்பேனர எடுங்கறார். சாப்பிடும்போது சொன்னேன். அங்க தண்ணி நல்லா வருதுங்கறார். வண்டியில போகும்போது காதுலயே சொன்னேன். மேடு வருது, பிடிச்சுக்கோங்கறார். நான் வேற எப்படித்தான் சொல்றது?"

மறுமுனையில் பெருமூச்சு. "பாவம்மா நீங்க. உங்க வீட்லயும் இதே கதையா? மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. அந்த ஆள் இப்படி இருக்கக் கூடாதும்மா. பொண்டாட்டி சொல்றத நின்னு கேட்டா என்ன கொறஞ்சா போயிடுவான்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. இருபது வருஷத்தில் அவள் பேசியதை அவர் முழுசாகக் கேட்டு முறையாகப் பதில் சொன்னது இன்றைக்குத்தான். அதுவும் யாரோ ஒரு அம்மா என்று நினைத்துக்கொண்டு.

"நீங்க அவர்கிட்ட இதே மாதிரி அழுத்திச் சொல்லணும்மா" என்று அவர் தொடர்ந்தார். "சொன்னா..."

அப்போதுதான் அவருக்குப் பின்னாலிருந்து, அன்று லீவு என்று பட்டறையின் உள் அறையில் காதோரம் ரேடியோ வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்த மகள் கத்தினாள். பாலம் வரைக்கும் ஊரே அதைக் கேட்டது.

"அப்பா! அது அம்மாப்பா!"

அதற்குப் பிறகு ரேடியோவில் ஒன்றும் இல்லை. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. கீழே டயர் கடையில்கூடச் சுத்தியலை வைத்துவிட்டு நின்றார்களாம். பிறகு இணைப்பு அறுந்தது. தொண்டை கைக்குக் கிடைத்த பாட்டைப் போட்டார்.

முதலாளி தலையில் கைவைத்து வரவேற்பறை நாற்காலியில் சரிந்தார். "போச்சு! பொழப்பே போச்சு! அத்தை இல்லேன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு." ஃபோன் விடாமல் அடித்தது. ஏமாற்றிவிட்டீர்களே என்று ஒருவர் திட்டினார். அந்த அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று பத்துப் பேர் சொன்னார்கள். ஆபீஸ் அக்கா சாமான் அறையிலிருந்து வெளியே வந்து வழக்கம்போல மேசையில் உட்கார்ந்து ஃபோனை எடுக்கத் தொடங்கினாள். வேறென்ன செய்வது? அவள் வேலை அது.

இரும்புப் படிக்கட்டு அதிர்ந்தது. மோட்டார்காரர் முதன்முதலாக மாடி ஏறி வந்தார். கையெல்லாம் கிரீஸ். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குள் வருகிறவர் போல மெதுவாக வந்து நின்றார். மனைவியைப் பார்த்தார். திறந்து கிடந்த சாமான் அறையைப் பார்த்தார். உள்ளே ஒரு முக்காலி, ஒரு ஃபோன், நாலைந்து அட்டைப் பெட்டிகள்.

"உள்ள பெரியவங்க யாரும் இல்லையா?"

"இல்லீங்க."

"அத்தை?"

"நான்தாங்க."

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. நெருங்கின சொந்தத்தில் யாரோ போய்விட்டதாகச் சேதி கேட்ட முகம். முதலாளி எழுந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். மோட்டார்காரர் உட்காரவில்லை.

"தட்டக் கழுவச் சொன்னது?"

"நான்."

"துண்டு?"

"அதுவும் நான்தான்."

"எங்கம்மாவோட சண்ட போட்டுட்டுப் பேசாம இருந்தேனே. மூணு வருஷம். போய்ப் பாருடான்னு அத்தை திட்டினாங்களே. அப்புறம்தான நான் போனேன்."

"நான்தாங்க."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் கிரீஸ் ஒட்டியது. "ஏன்டி, இதையெல்லாம் நீ வீட்லயே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

ஆபீஸ் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையும் முதலாளியும் ஆளுக்கொரு பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். தான் சொன்னது தன் காதிலேயே விழுவதற்கு மோட்டார்காரருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விழுந்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லியிருக்க" என்றார்.

"ம்."

"இப்பச் சொல்லு. ஊருக்குப் போறதப் பத்தி."

"வரலீங்க. எனக்கு இந்த இடத்த விட்டு வர முடியாது. அத்தை இருந்தாலும் இல்லைன்னாலும், இங்க நான் இருக்கேன்."

அவர் கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அங்க போனா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

"தெரியுங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

மேசைமேல் இருந்த ஃபோனைத் தன் பக்கம் இழுத்தார். அண்ணனின் எண்ணைச் சுற்றினார்.

"அண்ணே, நாங்க வரல... அவ வரமாட்டேங்கறாண்ணே."

மறுமுனையில் அண்ணன் போட்ட கூச்சல் அறை முழுக்கக் கேட்டது. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது சொல்கிறாளா உன் பொண்டாட்டி என்று கத்தினார்.

"இல்லண்ணே" என்றார் மோட்டார்காரர், மனைவியைப் பார்த்துக்கொண்டே. "அவ அப்பவே சொல்லிட்டா. எனக்குத்தான் இன்னிக்குக் கேட்டுச்சு."